சதுரங்கத்தை எந்தப் பட்டியலில் எழுதுவது?

ரொறன்ரோ நகரின் குயின் வீதி மேற்கில், டோவர்கோர்ட் சந்தியில், 'தி கிரேட் ஹோல்' என்றொரு பழைய செங்கல் கட்டடம் இருக்கிறது. 1889 இல் வை.எம்.சி.ஏ. அமைப்பு இளைஞர்கள் கூடவும் உடற்பயிற்சி செய்யவும் எழுப்பியது அது. 2024 ஏப்ரல் 4 முதல் 21 வரை அதே கட்டடத்தில் பதினாறு பேர் மேசைகளுக்கு முன் உட்கார்ந்து, உலக சாம்பியனோடு மோதும் உரிமைக்காகப் போராடினார்கள். கேண்டிடேட்ஸ் போட்டியின் பொதுப் பிரிவும் மகளிர் பிரிவும் ஒரே கூரையின் கீழ் நடந்தது அதுவே முதல் தடவை. பதினாறு பேரில் மூவர் சென்னைப் பிள்ளைகள்: குகேஷ், பிரக்ஞானந்தா, அவருடைய அக்கா வைஷாலி. பதினான்கு சுற்றுகள் முடிந்தபோது 9 புள்ளிகளோடு குகேஷ் முதலிடத்தில் நின்றார். வயது 17. அந்தப் போட்டியை அவ்வளவு இளவயதில் வென்றவர் அதற்கு முன் எவருமில்லை.

ஸ்காபரோவில் கிரிக்கெட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாத வீடுகளிலும் அந்த வாரங்களில் கைபேசித் திரையில் சதுரங்கப் பலகை திறந்திருந்தது. காய்களின் நகர்வு விளங்காதவர்கள்கூடப் புள்ளிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே ஏப்ரலில், போட்டியின் ஓய்வு நாளான 16 ஆம் திகதி, ஒட்டாவாவில் மத்திய அரசின் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்பட்டது. தேசிய மட்ட வீரர்களுக்கு மாதந்தோறும் கொடுக்கப்படும் வாழ்க்கைச் செலவுத் தொகையை உயர்த்தப் பணம் ஒதுக்கப்பட்டது. முதல் நிலை வீரர் ஒருவருக்கு மாதம் இரண்டாயிரம் டொலருக்கு மேல் கிடைக்கும் திட்டம் அது. நல்ல காரியம். ஆனால் கனடாவுக்காக விளையாடும் சதுரங்க வீரர் எவருக்கும் அதில் ஒரு சதமும் கிடையாது. ஸ்போர்ட் கனடா நிதியளிக்கும் தேசிய விளையாட்டு அமைப்புகளின் வரிசையில் சதுரங்கச் சம்மேளனம் இல்லை. உலகின் மிக முக்கியமான சதுரங்கப் போட்டிகளில் ஒன்று தன் மண்ணில் நடந்துகொண்டிருந்தபோதும், இந்த நாட்டின் கணக்கில் அது விளையாட்டாக இருக்கவில்லை.

சதுரங்கம் விளையாட்டுத்தான் என்று நான் நினைக்கிறேன். அரசு மட்டும் அல்ல, நம் தமிழ்ப் பெற்றோரும் அதை விளையாட்டாக நடத்தவில்லை என்றும் நினைக்கிறேன். இரண்டையும் இங்கே சொல்ல வேண்டும்.

யார் உள்ளே, யார் வெளியே

ஸ்போர்ட் கனடா நீண்டகாலமாகக் கையாண்டுவரும் வரைவிலக்கணம் இப்படிப் போகிறது: விளையாட்டு என்பது பிரதானமாக உடல் சார்ந்த செயல், இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ போட்டியிட வேண்டும், முறையான விதிகள் இருக்க வேண்டும், நரம்பும் தசையும் இணைந்து இயங்கும் தனித்திறன் வேண்டும், கடினமும் முயற்சியும் வேண்டும், பயிற்றுநர்கள் உருவாகியிருக்க வேண்டும். மோட்டார் வாகனத்தின் திறனே முடிவைத் தீர்மானிக்கும் போட்டிகள் சேரா.

இந்த நிபந்தனைகளில் இரண்டைத் தவிர மற்ற எல்லாமே சதுரங்கத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். உடல் சார்ந்த செயல், நரம்பு-தசைத் திறன் என்ற இரண்டும்தான் அதை வாசலில் நிறுத்துகின்றன. துப்பாக்கி சுடுதல் உள்ளே இருக்கிறது. அசையாமல் நிற்பதுதான் அதில் பாதித் திறமை. குதிரையேற்றம் உள்ளே இருக்கிறது. கேர்லிங் உள்ளே இருக்கிறது. இவற்றின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுடுபவரின் மூச்சுக் கட்டுப்பாட்டைப் பார்த்தவர் எவரும் அதைக் குறைத்துப் பேசமாட்டார். நான் கேட்பது ஒன்றுதான். இந்தப் போட்டிகளில் நாம் எதைப் பார்த்து வியக்கிறோமோ, அது சதுரங்கத்தில் இல்லையா?

ஒன்ராறியோவின் உயர்பாடசாலைகளிலும் இதே நிலைதான். மாகாண மட்டப் போட்டிகளை நடத்தும் ஒஃப்சா அமைப்பின் பட்டியலில் கோல்ஃபும் கேர்லிங்கும் உண்டு. சதுரங்கம் இல்லை, அது 'கிளப்'. கூடைப்பந்து அணிப் பிள்ளைக்குச் சீருடையும் பஸ்ஸும் அறிவிப்புப் பலகையில் பெயரும் கிடைக்கும். கிளப்பில் இருக்கும் பிள்ளைக்கு மதிய இடைவேளையில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடும் ஆசிரியர் கிடைத்தாலே பெரிது.

வருமான வரிச் சட்டத்திலும் ஒருகாலம் இந்தப் பிரிவு அப்பட்டமாகத் தெரிந்தது. 2007 முதல் 2016 வரை பிள்ளைகளின் உடற்தகுதிச் செலவுக்கு மத்திய அரசு வரிச்சலுகை கொடுத்தது. ஹொக்கி, நீச்சல், பரதநாட்டியம் எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டை எடுத்துவைத்தோமே, அதுதான். சதுரங்க வகுப்பின் பற்றுச்சீட்டு அதில் செல்லாது. 2011 இல் கலைகளுக்கான இன்னொரு சலுகை வந்தது. அறிவுத்திறனை வளர்க்கும் செயற்பாடுகளும் அதற்குள் அடங்கும் என்பதால் சதுரங்கத்துக்கு அங்கே ஓர் ஓரத்தில் இடம் கிடைத்தது. இரண்டு சலுகைகளும் 2017 இல் ஒழிந்துபோயின. அதன் பிறகு அந்த ஓரமும் இல்லை.

பெரிய மனிதர்கள் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய தத்துவச் சிக்கலாக இதை நினைத்தால் தவறு. பட்டியலில் பெயர் இருந்தால் பயிற்றுநருக்குச் சம்பளம், தேசிய அணிக்கு விமானச்சீட்டு, பிள்ளைக்குப் பாடசாலையில் மரியாதை. பெயர் இல்லாவிட்டால் எல்லாம் அப்பா அம்மாவின் கடனட்டையில். உலக இளையோர் போட்டிகளுக்குக் கனடாவின் சார்பில் போகும் பிள்ளைகளில் மிகப் பலர் குடும்பத்தின் காசிலேயே போய்வருகிறார்கள்.

'கணக்கு நல்லா வரும்'

ஸ்காபரோ சதுரங்கக் கழகம் 1960 இலிருந்து இயங்கிவருகிறது. அந்தக் காலத்து ஸ்காபரோவில் தமிழர் என்று சொல்ல யாருமே இருந்திருக்க மாட்டார்கள். வியாழக்கிழமை இரவுகளில் சமூக நிலையம் ஒன்றில் மேசை போட்டு, கடிகாரம் வைத்து, பத்து வயதுப் பிள்ளைக்கு எதிரே எழுபது வயது ஓய்வூதியரை உட்காரவைக்கும் கழகம் அது. வேறு எந்த விளையாட்டில் இது நடக்கும்? எதிரில் இருப்பவரின் வயதோ நிறமோ ஆங்கில உச்சரிப்போ பலகையில் செல்லாது. புலம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இதைவிட நேர்மையான களம் ஒன்றை நான் கண்டதில்லை.

இன்று நம் பிள்ளைகள் சதுரங்கம் படிக்காமல் இல்லை. சனி, ஞாயிறுகளில் மார்க்கம் வீதியோரத்துப் பிளாசாக்களின் மேல்மாடிகளில், கணக்கு ரியூஷனுக்கும் வயலின் வகுப்புக்கும் நடுவே, செஸ் வகுப்பும் நடக்கிறது. பெற்றோரிடம் கேட்டால் பெரும்பாலும் வருவது ஒரே பதில்: "செஸ் பழகினா கணக்கு நல்லா வரும் எண்டு சொல்லினம்." அந்தப் பதிலில் பிழையான நோக்கம் எதுவும் இல்லை. இரண்டு வேலை செய்து, பிள்ளையின் படிப்பை ஒன்றையே முதலீடாகக் கண்ட தலைமுறை அப்படித்தான் நினைக்கும். ஆனால் சதுரங்கத்துக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் இந்தப் பதிலுக்குள்தான் இருக்கிறது.

முதலில் அது உண்மையா என்று பார்ப்போம். இங்கிலாந்தில் எஜுகேஷன் எண்டௌமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நூறு ஆரம்பப் பாடசாலைகளை எடுத்து, ஒரு பகுதியில் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு நேரத்திலேயே சதுரங்கம் கற்பித்தது, மறுபகுதியில் கற்பிக்கவில்லை. பயிற்சி முடிந்து ஓராண்டுக்குப் பிறகு கணக்குப் புள்ளிகளை ஒப்பிட்டார்கள். 2016 இல் வெளியான முடிவு: வித்தியாசம் எதுவும் இல்லை. சதுரங்கம் ஆடிய பிள்ளைகள் சதுரங்கத்தில் தேறினார்கள். கணக்கில் மற்றவர்களைப் போலவே இருந்தார்கள்.

சதுரங்கப் பிரியர்கள் பலருக்கு இந்த ஆய்வு பிடிக்கவில்லை. எனக்கு அது ஒரு விடுதலையாகப் பட்டது. கால்பந்து விளையாடினால் பூகோளம் நன்றாக வருமா என்று எவரும் கேட்பதில்லை. பிள்ளை பந்தை உதைக்கிறது, தோற்கிறது, அழுகிறது, அடுத்த வாரம் திரும்பவும் போகிறது. அது போதும் என்று விடுகிறோம். சதுரங்கத்திடம் மட்டும் ஏன் பரீட்சைப் புள்ளியைக் கணக்குக் கேட்க வேண்டும்? ரியூஷனின் துணைக்கருவியாகப் பார்க்கும்வரை, ரியூஷனுக்கு நேரம் போதாமல் வரும் அன்று அது முதலில் வெட்டப்படும். அப்படித்தான் நடக்கிறது. கிரேட் 8 வரை கோப்பை வாங்கிய பிள்ளை கிரேட் 9 இல் காணாமல் போகிறது. பெண் பிள்ளைகள் அதற்கும் முன்பே நின்றுவிடுகிறார்கள். விளையாட்டு ஒன்றில் ஒரு பிள்ளையின் பலம் வெளியே தெரியத் தொடங்கும் வயதும் அதுதான் என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

நின்றுவிடாமல் தொடர்ந்தவர்களும் உண்டு. ரொறன்ரோவிலிருந்து சர்வதேச மாஸ்டர் பட்டம்வரை போன ஷியாம் தவந்திரன் என்ற பெயர் கனடியச் சதுரங்க உலகத்துக்குத் தெரியும். நம்மில் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? தமிழ்ப் பெயர் ஒன்று ஹொக்கி அணியில் வந்திருந்தால் ஊரே கொண்டாடியிருக்கும்.

கனடாவின் முதல் கிராண்ட்மாஸ்டரும் குடியேறி வந்த பிள்ளைதான். ஏப் யனோஃப்ஸ்கி இன்றைய உக்ரைனில் இருக்கும் புரோடியில் 1925 இல் பிறந்து, கைக்குழந்தையாக வினிபெக் வந்தவர். பதினான்கு வயதில், 1939 இல், புவனஸ் அயர்ஸ் ஒலிம்பியாட்டில் கனடாவுக்காக ஆடினார். 1964 இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார். வழக்கறிஞராகவும் ஊர் மேயராகவும் இருந்துகொண்டே ஆடிய மனிதர். அரசின் பட்டியலில் இடமில்லாத நாட்டில் சதுரங்க வீரருக்கு வேறு தொழில் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

கலோரிக் கணக்கு வேண்டாம்

சதுரங்கம் விளையாட்டுத்தான் என்று வாதாடுபவர்கள் எடுத்தவுடன் சொல்லும் ஒரு செய்தி உண்டு: பெரிய போட்டியில் ஒரு வீரர் நாளுக்கு 6,000 கலோரி எரிக்கிறாராம். 2019 இல் ஈ.எஸ்.பி.என். கட்டுரை ஒன்றின் மூலம் உலகமெங்கும் பரவிய எண் இது. இதை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. மூளை சும்மா இருக்கும்போதே உடலின் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை எடுத்துக்கொள்கிறது; ஆழ்ந்து யோசித்தால் அந்தச் செலவு சிறிதளவே கூடும். ஆறாயிரம் என்பது மலைப்பாதையில் நாள் முழுதும் மிதிக்கும் சைக்கிள் வீரரின் கணக்கு. பலவீனமான எண்ணைத் தூக்கிக்கொண்டு அரசின் கதவைத் தட்டினால், அந்த ஓர் எண்ணைத் தட்டிவிட்டே நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உடலின் பங்கு இல்லையென்று இதற்குப் பொருளல்ல. கார்பொவும் காஸ்பரொவும் 1984 செப்டெம்பரில் தொடங்கிய உலகப் பட்டப் போட்டி 48 ஆட்டங்கள் வரை இழுபட்டு, 1985 பெப்ரவரியில் முடிவில்லாமலே நிறுத்தப்பட்டது. கார்பொவ் சுமார் பத்துக் கிலோ மெலிந்துபோனதாக அப்போது பரவலாக எழுதினார்கள். 2021 டிசம்பரில் துபாயில் கார்ல்சனும் நெபோம்னியாச்சியும் ஆடிய ஆறாவது ஆட்டம் 136 நகர்வுகள், ஏழே முக்கால் மணி நேரம் நீண்டது. ஆறாவது மணியில் செய்யும் ஒரு சிறு பிழை முன்னைய ஐந்து மணி நேர உழைப்பையும் அழித்துவிடும். அந்த நேரத்தில் தலை தெளிவாக இருக்க உடல் தாங்க வேண்டும். அதற்காகத்தான் இன்றைய வீரர்கள் ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள், உணவையும் உறக்கத்தையும் ஒழுங்கு செய்கிறார்கள். குகேஷ் உலகப் பட்டத்துக்குத் தயாரானபோது பேடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். 2011 இல் இந்தியக் கிரிக்கெட் அணி உலகக் கோப்பை வென்றபோது அந்த அணியோடு இருந்த அதே மனிதர்.

ஊக்கமருந்துச் சோதனையும் இங்கே உண்டு. 2008 இல் டிரெஸ்டன் ஒலிம்பியாட்டின் கடைசிச் சுற்றில் தோற்ற உக்ரைன் வீரர் இவான்சுக், ஆத்திரத்தில் சோதனைக்கு நில்லாமல் போய்விட்டார். பெரிய விசாரணை நடந்து, கடைசியில் தண்டனை இல்லாமல் விட்டார்கள். மற்ற விளையாட்டு வீரர்கள் சுமக்கும் கடமைகள் எல்லாவற்றையும் சதுரங்க வீரர் ஏற்கெனவே சுமந்துகொண்டுதான் இருக்கிறார். உரிமைகள்தான் வந்து சேரவில்லை.

உலகம் இதில் ஒருமனதாக இல்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 1999 இலேயே உலகச் சதுரங்கச் சம்மேளனத்தை விளையாட்டு அமைப்பாக அங்கீகரித்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கின்போது ஆனந்தும் ஷிரொவும் காட்சிப் போட்டி ஆடினார்கள். ஆனால் பதக்கப் போட்டியாக அது இன்னும் உள்ளே போகவில்லை. ஆசிய விளையாட்டுகளில் 2006 தோஹாவில் நுழைந்து, 2010 குவாங்சோவில் இருந்து, இரண்டு முறை விடுபட்டு, 2023 இல் ஹாங்சோவில் திரும்ப வந்தது. தோஹாவில் இந்தியாவின் கலப்பு அணி தங்கம் வென்றபோது சென்னையின் சசிகிரண் அந்த அணியில் இருந்தார். சீட்டாட்டமான பிரிட்ஜுக்கு வந்த சோதனை இன்னும் சுவாரசியமானது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் என்ற இரு இந்தியர்கள் அதில் தங்கம் வென்றார்கள். பர்தனுக்கு வயது 60. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐரோப்பிய நீதிமன்றம், உடல் உழைப்பு அற்பமாக இருப்பதால் வற் வரி விலக்குக்கு பிரிட்ஜ் விளையாட்டாகாது என்று தீர்ப்பளித்திருந்தது. ஒரு கண்டத்தில் தங்கப் பதக்கம் பெறும் ஆட்டம் இன்னொரு கண்டத்தில் வரிக் கழிவுக்குக்கூடத் தகுதி பெறவில்லை.

மெரினாக் கரையில் நடந்தது

பட்டியலில் பெயர் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு மிக அருகில் ஓர் உதாரணம் தமிழ்நாடு. மானுவல் ஆரோன் 1961 இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானார். அர்ஜுனா விருது தொடங்கிய அதே ஆண்டில் சதுரங்கத்துக்காக அதைப் பெற்றவர் அவர். 1972 இல் சென்னையில் சோவியத் கலாச்சார நிலையத்தில் டால் சதுரங்கக் கழகம் பிறந்தது. சிறுவன் ஆனந்த் வந்து ஆடியது அங்கேதான். 1988 இல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர். இந்தியாவின் மிக உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னா 1991-92 இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியவர் ஓட்டக்காரரோ கிரிக்கெட் வீரரோ அல்லர், ஆனந்த்தான்.

விருதுகளைவிட முக்கியமானது அவற்றுக்குப் பின்னால் வந்த சாதாரண விஷயங்கள். சதுரங்கச் சான்றிதழுக்குக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களில் வேலை; கொனேரு ஹம்பி ஓ.என்.ஜி.சி. ஊழியர். நாளெல்லாம் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்குப் பள்ளியில் வருகைப் பதிவில் விட்டுக்கொடுப்பு. குகேஷும் பிரக்ஞானந்தாவும் வேலம்மாள் பள்ளியின் பிள்ளைகள். 2022 இல் ரஷ்யாவிடமிருந்து ஒலிம்பியாட் பறிக்கப்பட்டபோது, அதை ஏற்றுக்கொண்டு நாலரை மாதத்துக்குள் மாமல்லபுரத்தில் நடத்திக் காட்டியது தமிழ்நாடு அரசு. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியனானது அறுபது ஆண்டு நீண்ட அந்தத் தொடரின் ஒரு கணம்.

அங்கீகாரம் இருந்தும் எல்லாம் இலகுவாகிவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவரான குகேஷின் அப்பா தன் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு நாடு நாடாக அலைந்தார். நுண்ணுயிரியலாளரான அம்மாவின் சம்பளத்தில் வீடு நடந்தது. ஆனால் அந்தக் குடும்பம் தோள் கொடுத்தபோது ஊரும் பள்ளியும் கழகமும் பயிற்சியாளர்களும் கூடவே நின்றார்கள்.

இன்னொரு தமிழ்ப் பெண்ணின் பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். திருச்சியின் கே. ஜெனிதா ஆன்டோ. போலியோவால் சக்கர நாற்காலியில் வாழ்பவர். உடல் சவால் உடையோருக்கான உலகச் சதுரங்கத்தில் மகளிர் பட்டத்தைத் திரும்பத் திரும்ப வென்றவர். தசை வலிமையே விளையாட்டின் அளவுகோல் என்பவர்கள் அவருடைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

நம்மில் பலர் பிறந்த இலங்கையிலும் சதுரங்கம் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் ஒன்றுதான். வலய மட்டம், மாகாண மட்டம், அகில இலங்கை என்று படிப்படியாக ஏறும். இன்று ஸ்காபரோவில் பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டுக் காருக்குள் காத்திருக்கும் அப்பாக்களில் சிலரிடம் அந்தச் சான்றிதழ் இருக்கும். அங்கே விளையாட்டாக இருந்தது இங்கே வந்து ரியூஷனாகிவிட்டது.

எதிர்ப்பக்கத்தின் நியாயம்

கனடிய அரசின் பக்கத்தில் ஒரு வலுவான வாதம் உண்டு. விளையாட்டுக்குப் பொதுப்பணம் கொடுப்பதன் பெரிய நோக்கம் மக்கள் உடல் அசைய வேண்டும் என்பது. நீரிழிவும் இதய நோயும் தமிழர் வீடுகளில் எவ்வளவு சாதாரணம் என்பது நமக்கே தெரியும். மோர்னிங்சைட் பக்கம், 2015 பான் அம் விளையாட்டுகளுக்காக எழுந்த பெரிய விளையாட்டு நிலையம் நம் வாசலிலேயே நிற்கிறது. அதன் இரண்டு ஐம்பது மீட்டர் நீச்சல் தடாகங்களில் இறங்கும் தமிழ்ப் பிள்ளைகள் இன்னும் கூட வேண்டும். திரைக்கு முன் குந்தியிருக்கும் தலைமுறைக்கு இன்னொரு இருக்கையைப் போட்டுக் கொடுத்து, அதற்கு விளையாட்டு என்று பெயரும் வைக்க வேண்டுமா என்று ஒரு வைத்தியர் கேட்டால், அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன்.

அதனால் என் கோரிக்கை வரையறுக்கப்பட்டது. உடற்பயிற்சிப் பாடவேளையைச் சதுரங்கத்துக்குக் கொடுக்க வேண்டாம். பிள்ளைகளை ஓடவைக்க ஒதுக்கிய பணத்தில் கைவைக்க வேண்டாம். ஆனால் நாட்டின் சார்பில் போட்டியிடும் வீரரை வளர்ப்பது வேறு கணக்கு. அங்கே பார்க்க வேண்டியது பயிற்சியின் கடுமையும் போட்டியின் நேர்மையும் உலக மட்டத் தரமும். அந்த மூன்றிலும் சதுரங்கம் எந்த ஒலிம்பிக் விளையாட்டுக்கும் குறைந்ததில்லை. பிரித்தானியா 2023 ஓகஸ்டில் ஒரு வழியைக் காட்டியது. விளையாட்டு என்ற சட்ட அங்கீகாரம் கொடுக்காமலே, உயர்மட்ட வீரர்களை வளர்க்க ஆங்கிலச் சதுரங்கச் சம்மேளனத்துக்கு ஐந்து லட்சம் பவுண் ஒதுக்கியது. வரைவிலக்கணம் மாறும்வரை ஒட்டாவா அந்த அளவாவது செய்யலாம். சம்மேளனம் தனியே கேட்டால் காதில் விழாது. ஸ்காபரோவின் தமிழ் வாக்காளர்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்டால் விழும். தைப்பொங்கல் மேடைக்கு வரும்போது கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்றாகட்டும்.

அரசுக்கு முன் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. ஒவ்வொரு கோடையிலும் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் விளையாட்டு விழா நடத்துகின்றன. ஓட்டத்துக்கும் கயிறிழுத்தலுக்கும் கிரிக்கெட்டுக்கும் கொடுக்கும் அதே அளவுக் கோப்பையை, அதே மேடையில், சதுரங்கத்துக்கும் கரத்துக்கும் கொடுக்க ஒரு சதமும் கூடுதலாகச் செலவாகாது. கரத்தில் சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியனாகி அர்ஜுனா விருதும் பெற்றவர். 2024 இல் அதே சென்னையின் காசிமா, ஓட்டோ ஓட்டுநரின் மகள், அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். நம் வீடுகளின் கீழ்த்தளங்களில் மாப்பூசிய பலகை இன்னும் கிடக்கிறது.

ஸ்டெய்ன்ஸ் வீதி 311 இல் அமையவிருக்கும் தமிழ்ச் சமூக மையத்துக்கு 2021 இல் மத்திய, மாகாண அரசுகள் 26.3 மில்லியன் டொலர் அறிவித்தன. அதன் அறைகள் யாருக்கு, எந்த நேரத்தில் என்ற அட்டவணை ஒருநாள் போடப்படும். விளையாட்டுகளுக்கான பட்டியலிலேயே, வாரத்தில் ஓர் இரவு, இருபது மேசையும் இருபது கடிகாரமும் சம்பளம் பெறும் ஒரு பயிற்றுநருமாகச் சதுரங்கத்துக்கு ஓர் அறை எழுதப்பட வேண்டும். கிரேட் 9 பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்து.